மூன்று குயின் ஸ்ட்ரீட்டும் ஒரு கைக்குழந்தையும்

1

இந்தக் கதை ஸ்கெல்பரோ நூலகத்தில், பழைய வரைபடங்களை விரிக்கும் மேஜையில் எனக்குக் கிடைத்தது. எதிரே ஒரு பெண்மணி வரைபடத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் காதைக் கொடுத்தேன். எழுதுகிறவர்கள் இதை ‘கள ஆய்வு’ என்பார்கள்.

முதல் தொடக்கம்: ‘யார்க்‌ஷயரின் மூடுபனி கவிந்த ஒரு காலையில், நினைவுகளின்—’

அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: ஜில்லியன் சக்டன், வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற தபால்காரி. அவள் அப்பா வில்ஃபுக்கு நூற்றியொன்று. “பொறந்த அன்னிக்கே என்னைத் தூக்கிக் குடுத்துட்டா” என்று பெற்றவளைப் பற்றி ஆயுள் முழுக்கச் சொல்லி வருகிறார். அது உண்மையா என்று ஜில்லியனுக்குத் தெரிந்தாக வேண்டும், அப்பா இருக்கும்போதே.

இது போதும்.

2

1921ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். (நூறு வருஷம் பூட்டி வைப்பது இங்கே சட்டம். அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நம்பிக்கை. வில்ஃப் ஒத்துழைக்கவில்லை.)

பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. பழைய கையெழுத்தைக் கணினியில் ஏற்றியவர் என்னவென்று படித்தாரோ. பிறப்புச் சான்றிதழில் முகவரி இருந்தது: 7, குயின் ஸ்ட்ரீட். ஊரில் அந்தப் பெயரில் ஒரே தெருதான். அதைப் போட்டாள். ஆலை முதலாளி, மனைவி, மூன்று வேலைக்காரிகள் வந்தார்கள். குழந்தை இல்லை.

உள்ளூர் வரலாற்றுச் சங்கத் தலைவர் டெஸ்மண்ட் ஆக்ராய்டுக்குப் பரவசம்.

“வேலைக்காரிக்கும் முதலாளிக்கும் பொறந்திருப்பார், மிஸஸ் சக்டன். அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க. உங்கப்பா உடம்புல ஓடறது முதலாளி ரத்தம். நம்ம சங்கச் செய்திமடல்ல போட்டுடலாமா?”

“அவர் முப்பது வருஷம் யூனியன் செயலாளர். ரத்தத்தை மாத்தச் சொல்லி வேலைநிறுத்தம் பண்ணுவார்.”

[ஆக்ராய்டை ரொம்பச் சுலபமான இலக்காக்கிவிட்டேனோ? ஒரு நல்ல குணம் சேர்க்கத் தேடினேன். 1908ஆம் வருஷ வரைபடத்தைத் தேடி எடுத்துத் தந்தவர் அவர்தான். போதுமா?]

3

வரைபடத்தில் ஸ்கெல்பரோ என்று ஓர் ஊரே இல்லை. மூன்று கிராமங்கள். கிராமத்துக்கு ஒரு குயின் ஸ்ட்ரீட்.

பிற்பாடு மூன்றையும் சேர்த்து நகராட்சி ஆக்கினார்கள். கடிதங்கள் மாறிப் போயின. பெயர் ஒரு தெருவுக்குத்தான் என்று தீர்மானித்து, நீண்ட ஆலோசனைக்குப் பின், மேயர் குடியிருந்த தெருவுக்கே அதைக் கொடுத்தார்கள். தோல் பதனிடும் ஆலையை ஒட்டி நாறிக்கிடந்த குயின் ஸ்ட்ரீட் ‘லாவெண்டர் அவென்யூ’ ஆனது.

ஜில்லியன் சான்றிதழை மறுபடி பார்த்தாள். மேல் மூலையில், யாரும் படிக்காத இடத்தில், பதிவு வட்டாரம்: லோ எண்ட். தோல் ஆலைப் பக்கம்.

“அந்த ஏழாம் நம்பர்ல பத்தொன்பது வருஷம் தபால் போட்டிருக்கேன்,” என்றாள். “கதவுல இருக்கற தபால் துவாரம் விரலைக் கடிக்கும்.”

“அப்போ முதலாளி ரத்தம்?”

“தோல் தொட்டித் தண்ணி, மிஸ்டர் ஆக்ராய்ட்.”

4

அந்த வீட்டுப் படிவம் பெற்றவளின் கையெழுத்திலேயே இருந்தது. எதெல் பிக்கர்ஸ்கில், நெசவாலைத் தொழிலாளி, இப்போது வேலை இல்லை. மகன். அந்தக் கணக்கெடுப்பில் வயதை மாதத்தோடு கேட்டார்கள். எழுதியிருந்தாள்: ஒரு வருஷம், இரண்டு மாதம்.

பிறந்த அன்றைக்கு அல்ல.

பார்க்காமலே கொடுத்தவளை நூறு வருஷம் நிம்மதியாகத் திட்டலாம். பதினாலு மாதம் தூக்கி வளர்த்துவிட்டுக் கொடுத்தவளை என்ன செய்வது?

5

முடிவு அ: அவள் சொல்கிறாள், கிழவர் அழுகிறார். (கடைசிப் பக்கத்தில் அழும் கிழவர்களை நானே நாலு பேர் எழுதிவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் காகிதத்தை ஒளித்து— இல்லை. முகவரி சரியென்றால் தபாலைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வாழ்ந்தவள் அவள்.

ஆக, முதியோர் இல்லம், பிற்பகல் தேநீர். வில்ஃப் கண்ணாடியைத் துடைக்கிறார்.

“என்னடி காகிதம்? நூறாவது பொறந்தநாளுக்கு வந்த மாதிரி அரண்மனைலேர்ந்து இன்னொரு வாழ்த்துன்னா திருப்பி அனுப்பு.”

“இது உங்கம்மா எழுதினதுப்பா.”

“எவ? என்னைக் குடுத்தாளே, அவளா?”

ஜில்லியன் வாயைத் திறக்கிறாள். அவளுக்கு வாக்கியம் வரவில்லை. எனக்கும்தான்; மூன்று எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் நான்தான் பேசுகிறேன்.

பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள், நீங்கள் சொல்லுங்கள். அவருக்கு வலப்பக்கமாக உட்காருங்கள். இடது காது கேட்காது.