மாமா படித்த சொட்டு மருந்துத் தாள்

டிசைன் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பார்டர்’ என்று பெயர். பிறந்தநாள் அழைப்பிதழானாலும் தண்ணீர்க் குழாய் விளம்பரமானாலும் ஓரத்தில் ஒரு கொடி படர்ந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். முதலாளி கேலியாக வைத்த பெயரை அவள் பட்டம் போலச் சுமந்து திரிந்தாள்.

அவளிடம் ஒரு கண் மருத்துவமனையின் வேலை வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எந்தச் சொட்டு மருந்தை எப்போது விட வேண்டும் என்று சொல்லும் ஒரு தாள். மூன்று புட்டி, பதினோரு வேளை, அவ்வளவுதான் விஷயம். நேரங்களை வரிசையாக எழுதினால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்குமே என்று ஒரு பெரிய பூ வரைந்து, இதழுக்கு ஒரு நேரமாக வளைத்து வளைத்து எழுதினாள். இழை போன்ற எழுத்து, வெளிர் சாம்பல் நிறம். வார்டு நர்ஸ் போனில் கேட்டாள்: “எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா? இதைப் படிக்கிறவங்களுக்குப் பார்வை சரியா இருக்காது.”

“பெரிசாக்கினா பூ கெட்டுடும் மேடம்.”

கண் நோயாளிக்குக் கண்ணில் படாத எழுத்து! எந்த மளிகைக்காரரும் செய்யாத தப்பு இது. மூன்று வருஷம் டிசைன் படித்தவளால்தான் முடியும். முதலாளி அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, அதே மருத்துவமனையில் அவள் மாமனாருக்குக் கண்புரை எடுத்தார்கள். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண் பத்து வருஷத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டது. இருந்தது இது ஒன்றுதான். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். “இது எங்க மருமக போட்டது!” என்று பக்கத்துக் கட்டில்காரர் முதல் பெருக்குகிற அம்மா வரை எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள்; மருந்தை அவரேதான் விட்டுக்கொள்ள வேண்டும்.

“படிக்க முடியுதா மாமா?”

“பளிச்சுன்னு தெரியுதும்மா.”

நாலாம் நாள் மாலை அவள் வீடு திரும்பியபோது மாமா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை விலக்கிப் பார்த்தால் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, “உள்ளே வீக்கம். மருந்து சரியாப் போகலை. மூணு நாள் ஒழுங்கா விடுங்க, அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்,” என்றார்.

“எப்படி விட்டீங்க ஐயா?” என்று நர்ஸ் கேட்டாள். அதே வார்டு நர்ஸ்.

“பச்சை மூடி ஆறு வேளை, வெள்ளை மூடி ரெண்டு வேளை.”

அப்படியே தலைகீழ்.

“படிக்க முடியுதுன்னு சொன்னீங்களே மாமா?”

அவர் தலை குனிந்துகொண்டார். “முடியலைம்மா. நீ ஆசை ஆசையாப் போட்டது. தெரியலைன்னு சொன்னா உன் மூஞ்சி வாடிடுமேன்னு, ஆஸ்பத்திரியில வாயால சொன்னதை ஞாபகத்துல வச்சு விட்டுக்கிட்டேன்.”

‘அன்னிக்கே சொன்னேனே’ என்று நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சொல்லாத வார்த்தைக்காக அவளை எத்தனை தரம் கும்பிட்டாலும் தகும். வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், நர்ஸ் ஒரு வெள்ளைத் தாளும் தடிமன் பேனாவும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு கண்ணை மூடிக்குங்க. இன்னொன்னுக்கு முன்னால இந்தப் பிளாஸ்டிக் பையைப் பிடிச்சுப் பாருங்க.”

மருமகள் அப்படியே தன் தாளைப் பார்த்தாள். அவளுடைய பூ, சுவரில் ஈரம் ஊறினாற்போல் தெரிந்தது. எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

இருவருமாக எழுதினார்கள். வெள்ளை மூடி: காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 6, இரவு 9. ஒரு வரி எழுதுவதும் பையை வைத்துப் பார்ப்பதும், மறுபடி பெரிதாக எழுதுவதுமாக ஒரு மணி நேரம் ஓடியது.

மூன்று நாளும் அவளும் கணவனும் மாறி மாறி லீவு போட்டு மருந்து விட்டார்கள். மூன்றாம் நாள் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, “கண்ணு தப்பிச்சிடுச்சு,” என்றார். அவள் வெளியே ஓடி நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “சரி சரி, கையை விடுங்க, அடுத்த ஆளுக்கு மருந்து விடணும்,” என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

புதுத் தாளைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார். “மூலைக்கு ஒரு பூவாவது போடேம்மா?”

“வேண்டாம் சார். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பழைய தாளையும் மாத்தித் தரணும். இது என் தப்பு.”

வெள்ளையில் கறுப்பு, கட்டை கட்டையான எழுத்து. அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து வந்து மாமாவிடம் நீட்டினாள். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு தாளை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

“சொல்லுங்க மாமா.”

“கோவிச்சுக்காதேம்மா... மூணாவது வரி எனக்குத் தெரியலை.”

அவள் வேலையை இதுவரை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். ஒன்றுகூட இவ்வளவு இனிக்கவில்லை.

“ரொம்ப நன்றி மாமா,” என்றாள். தாளை வாங்கிக்கொண்டு, மூன்றாவது வரியைப் பெரிதாக்கப் போனாள்.