சனிக்கிழமைச் சவரம்

“உங்க கன்னம் தாங்குற சூட்ட அவங்க கன்னமும் தாங்குமாப்பா?”

சின்னவன் இதைக் கேட்டபோது நாற்காலியின் கைப்பிடி உயரம்கூட வளர்ந்திருக்கவில்லை. அப்பா வெந்நீரில் பிழிந்த துண்டை வாடிக்கையாளர் முகத்தில் போடுவதற்கு முன்னால் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கடையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அதை மட்டும் தவறவிட மாட்டார்.

“சில பேருக்குத் தாங்காதுதான்,” என்றார் அப்பா. “ஆனா நமக்கே சுடுறத அடுத்தவங்க மூஞ்சில போடக் கூடாதுல்ல?”

இப்போது அப்படியொரு வெந்நீர்த் துண்டு சின்னவன் கையில் இருந்தது. அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். விடியும் நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. சின்னவன் துண்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தில் பரப்பினான்.

“சவப்பெட்டிக்காரர் கிளம்பிட்டாராம்டா,” என்றாள் அக்கா, கதவோரம் நின்றபடி. “நீ இன்னும் நுரையே போடலையா?”

“தாடி நனையணும்க்கா.”

“ஆமா, இல்லாட்டி அவருக்கு எரியப் போகுது.”

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவன் நுரை போட்டான். கத்தியை எடுத்தான். இழுத்துப் பிடித்த தோல், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு அதை விரலால் நீவிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இரண்டு கன்னமும் முடிந்து, மேலுதட்டுக்கு வந்தபோது மூக்கு நுனியை லேசாகத் தூக்கிப் பிடித்து, பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்:

“மூச்சக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”



“பிடிச்சுக்கிட்டுத்தான்டா இருக்காரு,” என்றாள் அக்கா. சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறொன்றாக மாறியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

சின்னவன் மேலுதட்டை முடித்தான். வெட்டு ஒன்றும் விழவில்லை.

கடை முன்பெல்லாம் பெரிய தெருவில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில், அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான கட்டடக்காரர் அதை வேறொருவருக்குக் கொடுப்பதற்காகக் காலி செய்யச் சொன்னார். அப்பா இரண்டு நாள் தவணை கேட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், சாமான்கள் எல்லாம் தெருவில் கிடந்தன. கண்ணாடி உடைந்திருந்தது. நாற்காலி மழையில் நனைந்துகொண்டு, யாரோ உட்கார வரப்போவதுபோல் நடைபாதையைப் பார்த்து நின்றது. சந்துக்குள் இருக்கும் இப்போதைய கடையில் அந்த நாற்காலி இன்னும் கிறீச்சிடுகிறது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் சின்னவனுக்குக் கட்டடக்காரர் முகம் ஞாபகம் வரும்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கட்டடக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை மாலை அப்பா சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினார்.

“உங்களுக்கு ரோஷமே கிடையாதாப்பா?” என்று சின்னவன் கேட்டான்.

“ஏன் இல்லாம? அதனாலதான் கத்திய நல்லாத் தீட்டிட்டுப் போறேன்,” என்றார் அப்பா. அவன் திகைத்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். “மொன்னைக் கத்தியால இழுத்தா அந்த மனுஷனுக்கு வலிக்கும்ல. ‘வலிக்குது’ன்னு சொல்லக்கூட இப்ப அவரால முடியாதுடா.”

அதன்பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அப்பாவே படுக்கையில் விழுந்த பிறகு, நேற்று முன்தினம், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இந்த வாரம் கட்டடக்காரர் வீட்டுக்கு நீ போயிட்டு வந்துடு.”

“சரிப்பா” என்றான் சின்னவன். அவர் தூங்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னான். அப்பா அதை முழுசாக நம்பி, நிம்மதியாகத் தூங்கிவிட்டார். போகப்போவதில்லை என்பது சின்னவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று சனிக்கிழமை.

போதகர் வந்து கட்டிலருகே ஜெபித்தார். பிறகு சின்னவனை ஓரமாக அழைத்தார். “அடக்க ஆராதனையில ரெண்டு வார்த்தை பேசணும் தம்பி. உங்கப்பா சபையில கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிடுவாரு. வாயத் திறந்து சாட்சி சொன்னதே இல்ல. சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வாங்க வாங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கேன். வேலை இருக்கும்பாரு. அப்படி என்ன வேலை?”

சின்னவன் வாயைத் திறந்தான். சொன்னால், இனி அந்த வேலை யாருடையது என்ற கேள்வியும் வரும்.

“தெரியலங்கய்யா,” என்றான்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அத்தனை ஆண்களின் முகங்களும் அப்பாவின் விரல்கள் பட்டவை. போதகர், அமைதியான மனிதர் என்று சொல்லி முடித்துக்கொண்டார். மண் போடும்போது கட்டடக்காரரின் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்கப்பா காலையிலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு,” என்றாள் தாழ்ந்த குரலில். “உங்கப்பா போயிட்டத நான் சொல்லிட்டேன். புரிஞ்சுதான்னு தெரியல.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சின்னவன் “ம்” என்றான்.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்களுக்கு அக்கா காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் கட்டடக்காரரின் மகள், யாரும் சொல்லாமலே, குவிந்து கிடந்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அந்த வீட்டில் இப்போது கட்டடக்காரர் மட்டும்தான்.

“கடையச் சரியாப் பூட்டினேனான்னு பாத்துட்டு வரேன்க்கா,” என்று சொல்லிவிட்டு சின்னவன் வெளியே வந்தான். கடைக்குள் போய் அப்பாவின் பெட்டியை எடுத்தான். கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினான். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் தீட்டினான்.

அந்த வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கட்டடக்காரர் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஒருவாரத் தாடி. விழுந்த பக்கத்து வாயோரம் ஈரம். அவனைப் பார்த்ததும் அவர் பார்வை அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் தேடியது.

“அப்பா இல்லங்கய்யா,” என்றான் சின்னவன். “நான்தான் வந்திருக்கேன்.”

அடுப்பில் வெந்நீர் வைத்தான். நீர் கொதித்துவிட்டது. துண்டை முக்கிப் பிழிந்தான். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். நீராவி பறக்கும் துண்டோடு அவர் முகத்துக்கு மேல் குனிந்தவன், பாதியில் நின்றான். நிமிர்ந்து, துண்டைத் தன் கன்னத்தில் வைத்தான்.

சுட்டது.

உதறினான். காற்றில் விரித்துப் பிடித்துக் காத்திருந்தான். மறுபடி கன்னத்தில் வைத்தான். இப்போது இதமாக இருந்தது. ஆனாலும் உடனே எடுக்கவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெந்நீரில் ஒருமுறை அலசி, பிழிந்து, மீண்டும் சூடு பார்த்து, கிழவரின் முகத்தில் பரப்பினான்.

விழுந்த கன்னத்தை ஒரு விரலால் மேலே தூக்கிப் பிடித்தால்தான் கத்தி ஓடியது. இதை அப்பா எத்தனை வாரத்தில் கண்டுபிடித்தாரோ. தாடை முடிந்தது. கழுத்து முடிந்தது. மேலுதட்டுக்கு வந்தபோது கை தயங்கியது. மூக்கு நுனியை மெல்லத் தூக்கிப் பிடித்தான்.

“மூச்சக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க ஐயா.”

கிழவர் பிடித்துக்கொண்டார். இரண்டே இழுப்பு.

“அவ்வளவுதான். விட்டுடுங்க.”

மூச்சு வெளியே வந்தது. வெதுவெதுப்பாகச் சின்னவனின் விரல்களில் பட்டது. அவன் விரல்களை எடுக்காமல், இன்னொரு மூச்சு வரும்வரை அப்படியே வைத்திருந்தான்.