பட்கஸா, லாம்பர்ட்டா

"சரிடா லாடி. நீ சொன்னதுதான் சரி. லாம்பர்ட்தான்."

முன்னறையில் அல்ஜி சொன்னது அடுக்களை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பெர்னி அப்போது கொதிக்கிற பானையைத் தூக்கி ஹாலுஷ்கிக்கு வேகவைத்த நூடுல்ஸை வடிதட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பானையைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அப்படியே நின்றாள்.

"பட்கஸ் நல்லா ஆடினான்தான். ஆனா லாம்பர்ட் மாதிரி வராது. நீ முதல்லேருந்தே சொல்லிட்டுத்தான் இருந்தே. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். சோபாவை எடுத்துவிட்டு ஜன்னலோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவர் லாடி படுத்திருந்தார். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், சத்தமில்லாமல். பக்கத்து நாற்காலியில் அல்ஜி, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாளாகப் பாதி மூடியே கிடந்த லாடியின் கண் திறந்திருந்தது. அல்ஜியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெர்னிக்கு அந்தத் திரும்பல் பிடிக்கவில்லை.

"அல்ஜி," என்றாள். "கொஞ்சம் பின்பக்கம் வரியா. குப்பைத் தொட்டி மூடி மாட்டிக்கிச்சு."

மூடி ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அல்ஜிக்கும் தெரியும். எழுந்து பின்னால் வந்தார்.

அல்ஜி சிகாகோவின் தென்கோடியிலிருந்து பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிற இந்த ஆற்றோர ஊருக்கு எஃகு ஆலை வேலைக்காக வந்தவர். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வந்த முதல் வாரமே, சாப்பாட்டு இடைவேளையில், அமெரிக்க ஃபுட்பாலில் எதிராளியை மறித்து வீழ்த்துகிறவர்களில் யார் பெரியவன் என்று பேச்சு வந்திருக்கிறது. அல்ஜி, இதில் பேச என்ன இருக்கிறது, டிக் பட்கஸ் என்றார். எங்கள் ஊர்க்காரன், எங்களை மாதிரியே லித்துவேனியக் குடும்பம், அவனிடம் அடி வாங்கியவன் ஒரு வாரத்துக்குத் தன் பேரை மறந்துவிடுவான் என்றார். எதிரே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த லாடி, உள்ளூர் அணியான பிட்ஸ்பர்க்கின் லாம்பர்ட் பக்கம். பதிலுக்குக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நாலு விரலை நீட்டிக் காட்டினாராம்.

அந்த நாலில் அன்றைக்குப் பாதி கணக்கில் வராது, கோப்பை ஜெயித்தவர்களுக்குத் தருகிற மோதிரம் லாம்பர்ட்டுக்கு இரண்டுதான் வந்திருந்தது, அதனால் லாடி அன்று காட்டியது இரண்டு விரல்தான் என்று அல்ஜி எப்போதும் திருத்துவார். லாடி ஒத்துக்கொள்ள மாட்டார். அதிலேயே ஒரு சண்டை. எப்படியோ, பிட்ஸ்பர்க் நாலு தடவை ஜெயித்த பிறகு அது நாலு விரலாக நின்றுவிட்டது. சிகாகோவின் பட்கஸுக்கு ஒரு மோதிரமும் கிடையாது. லாடி வாயைத் திறக்கவே வேண்டாம். விரலைக் காட்டினால் போதும்.

லாம்பர்ட் தனியாகவா ஜெயித்தான் என்கிற மாதிரி, அதற்கு அல்ஜியிடம் ஒரே கேள்விதான். "சரி, பக்கத்துல யாரு இருந்தா?"

மகள் டெனிஸின் ஞானஸ்நானத்தில் இது நடந்தது. டெனிஸின் கல்யாணத்திலும் நடந்தது; பலகார மேஜையில் உப்புக் குப்பிகளையும் மிளகுக் குப்பிகளையும் ஆட்டக்காரர்கள் மாதிரி வரிசை கட்டி நிறுத்தி, மணப்பெண் கூப்பிட்டும் லாடி நடனத்துக்கு எழுந்து போகவில்லை. ஆலையை மூடி வாசலில் சங்கிலி போட்ட அன்றைக்கு ஊரே அழுதது. இவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு வெளியே நின்று சாயங்காலம் வரைக்கும் பட்கஸின் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்கள். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெர்னி சூப்பைச் சுட வைத்துக் கொடுத்தாள்.

டெனிஸின் பையன்கள் பெரியவர்களாகி, "தாத்தா, ரெண்டு பேரும் இல்ல, லாரன்ஸ் டெய்லர்தான்" என்று ஒருநாள் சொன்னபோது மட்டும்தான் இரண்டு பேரும் ஒரே கட்சி. "நியூயார்க்காரனா? போடா, போய் ஐஸ் எடுத்துட்டு வா."

பின்வாசல் படியில் காற்று சில்லென்று இருந்தது. கீழே ஆறு, அதற்கப்பால் ஆலை இருந்த வெற்றிடம்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றாள் பெர்னி.

"எப்படி?"

"லாம்பர்ட்தான்னு."

அல்ஜி தொப்பியைச் சுழற்றினார். "மனசுக்கு இதமா இருக்கட்டுமேன்னு."

"லாடிக்கு நீ எப்பவாவது இதமாப் பேசியிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பெர்னி, அவன் கிடக்கிறதைப் பாத்தியா நீ?"

"நான்தான் பாத்துட்டிருக்கேன். வேற யாரு பாக்கறா." குரல் உயரவில்லை. அவளுக்கே அது பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி இருந்தது. "டாக்டர் சொன்னதை நாங்க லாடிகிட்ட சொல்லல. டெனிஸும் சொல்லல. சளி கரையிற வரைக்கும்தான் இந்தக் கட்டில்னு சொல்லி வச்சிருக்கோம். பாதிரியார் வந்து கடைசி நேரத்து எண்ணெய் பூசிட்டுப் போனாரு. அதுக்குக்கூட, ஆறாவது வீட்டு ரோஸ்மேரிக்கு முழங்கால் ஆபரேஷனப்போவே பூசினாருன்னு சொல்லிச் சமாளிச்சேன். நீ வந்து ஒரே வார்த்தையில சொல்லிட்டே."

"நான் என்ன சொன்னேன்? லாம்பர்ட்னுதானே..."

"அதைத்தான் சொல்றேன்."

அல்ஜியின் கையில் தொப்பி சுழல்வது நின்றது.

"அட கடவுளே," என்றார் மெதுவாக.

"காது கடைசி வரைக்கும் கேக்கும்னு நர்ஸு சொன்னா. நீ ஒத்துக்கிட்டதும் கேட்டிருக்கும். இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டதை நீயும் பாத்தே."

"தூங்கத் திரும்பறான்னு நினைச்சேன்."

"உள்ளே போ. போய்ச் சண்டை போடு."

"இப்பவா?"

"வேற எப்போ?"

"என்னன்னு போட?"

"எனக்கென்ன தெரியும். இத்தனை வருஷமா என்ன போட்டீங்களோ அதையே போடு. அப்படிப் போயிடக் கூடாது அல்ஜி. நீ ஒத்துக்கிட்டேங்கிறதோட போயிடக் கூடாது."

"குரல் உடையும், பெர்னி."

"உடைஞ்சா இருமிக்கோ."

அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தொப்பியைத் தலையில் வைத்து, பின்னுக்குத் தள்ளினார். லாடியிடம் மல்லுக்கு நிற்கும்போது அதை அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

பெர்னியும் பின்னாலேயே போனாள். கட்டிலின் மறுபக்கம், மருந்துப் புட்டிகள் இருந்த முக்காலியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குச்சியில் சொருகிய பஞ்சைத் தண்ணீரில் நனைத்து லாடியின் உதட்டில் ஒற்றினாள். உதடு அசையவில்லை. இதுதான் கடைசிப் பஞ்சு. வாங்கி வர டெனிஸ் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் காரை எடுத்த இடத்தில் வேறு யாரும் வண்டியை நிறுத்திவிடாமலிருக்க, பெர்னி சமையலறை நாற்காலியைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். நாற்காலி அங்கேயே இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இருந்தது. இப்போது அதையெல்லாம் பார்க்கத் தோன்றுவது அவளுக்கு வினோதமாகக்கூடத் தெரியவில்லை.

அல்ஜி நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார். அது தரையில் கிறீச்சிட்டது.

"டேய் லாடி. அப்ப சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். உன் பொண்டாட்டி ஹாலுஷ்கி பண்ணிட்டிருக்கா. முட்டைக்கோஸ் வாசனை தெருவரைக்கும் வருது. இந்த வீட்டுல லாம்பர்ட்டுக்கு ஒரு ஓட்டு போட்டா தட்டுல ஒரு கரண்டி கூடுதலா விழுமேன்னு பொய் சொன்னேன். விழல. அதனால இப்ப உண்மையைப் பேசுவோம்."

லாடி ஜன்னல் பக்கமே இருந்தார்.

"லாம்பர்ட் பல்லில்லாத ஆளுன்னு பெருமையடிப்பீங்களேடா நீங்க. ஏதோ எவனையோ கடிச்சுப் பல்லு போன மாதிரி. அது ஃபுட்பால்ல போன பல்லா? பள்ளிக்கூடத்துல கூடைப்பந்து ஆடி விட்ட பல்லு. கூடைப்பந்துடா லாடி. என் அக்காகூடத்தான் கூடைப்பந்து ஆடினா."

இடது புருவம் மேலே போனது.

துளிதான். பெர்னி பார்த்தாள். கிண்டல் தாங்காதபோது அவருக்கு முதலில் எழும்புவது அந்தப் புருவம்தான். கல்யாணமான புதிதில் அவள் மாமியாரின் ரொட்டியைப் பற்றி ஏதோ சொன்னபோதும் அதுதான் எழும்பியது.

"பாத்தியா, கோபம் வருது," என்றார் அல்ஜி. இருமினார். நிஜ இருமல் மாதிரிதான் இருந்தது. "வரட்டும். நான் இன்னும் சொல்லி முடிக்கல. உன் ஆளு கம்பு மாதிரி இருந்தான். காத்தடிச்சா கொடி சாயற மாதிரி சாய்வான். எங்க ஆளு வந்தா தரையே அதிரும். பந்தைத் தூக்கிட்டு வர்றவன், வேண்டாம்பா நீயே வச்சுக்கோன்னு கொடுத்துட்டுப் போயிடுவான்."

போர்வையின் மேல் கிடந்த லாடியின் வலது கை அசைந்தது. எழும்பவில்லை. எழும்பப் பார்த்தது. பிறகு கட்டைவிரல் மட்டும் மெல்ல உள்ளங்கைக்குள் நகர்ந்து மடங்கியது.

அல்ஜி லாடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்புரை விழுந்த அல்ஜியின் கண், கையைக் கவனிக்கவில்லை.

பெர்னி இந்தப் பேச்சில் ஒருநாளும் வாய் கொடுத்ததில்லை. காபி ஊற்றியிருக்கிறாள், சாம்பல் தட்டைக் கொட்டியிருக்கிறாள், சத்தத்தைக் குறையுங்கள் என்று மாடியிலிருந்து கத்தியிருக்கிறாள்.

"நாலாம்," என்றாள்.

அல்ஜி திரும்பி அவளைப் பார்த்தார். அப்புறம் போர்வைமேல் இருந்த கையைக் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"தெரியும். நாலுதான்னு தெரியும். இதை விட்டா இவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது," என்றார் அவளிடம். பிறகு கட்டிலைப் பார்த்து, "நாலுதான்டா. யார் இல்லேன்னா? எங்க ஆளுக்கு ஒண்ணுகூடக் கிடையாது. இறுதிச் சுற்று எப்படி இருக்கும்னுகூட அவன் பாத்ததில்ல. ஆனா நான் என்ன கேக்கறேன்..."

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டெனிஸ் மருந்துக்கடைப் பையோடு நடையில் வந்து நின்றாள். அல்ஜியின் சத்தத்தைக் கேட்டு, "மறுபடியுமாம்மா?" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாள். பல நாளுக்கப்புறம் அவள் முகத்தில் பெர்னி பார்க்கிற சிரிப்பு.

லாடியின் மூச்சு நேற்றிலிருந்தே விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒன்று போனால் அடுத்தது வர நேரமெடுத்தது. அப்படித்தான் ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பெர்னிக்கு அந்த இடைவெளி பழகிவிட்டது. அதற்குள் மருந்தை அளந்துவிடலாம், தலையணையைச் சரி பண்ணிவிடலாம்.

இப்போதும் ஒன்று போனது.

"நான் கேக்கறது இதுதான். உன் ஆளு நிமிர்ந்து பாத்தா முன்னாடி யாரு? ஜோ கிரீன். மலை மாதிரி. பக்கத்துல திரும்பினா ஜாக் ஹாம். அவனுங்க ரெண்டு பேரும் நின்னா நான்கூட நடுவுல நின்னு ஆடிடுவேன். எங்க ஆளுக்கு? தோக்கற டீமு. முழங்கால் வேற போச்சு. தோக்கப் போறோம்னு தெரிஞ்சேதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எழுந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு வந்தான். தெரிஞ்சேடா. வந்து கடைசி விசில் வரைக்கும் அடிச்சான்."

பெர்னி காத்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று போய்க்கொண்டிருந்தது. லாடியின் மார்பில் போர்வை எப்படிப் படிந்திருந்ததோ அப்படியே இருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிதட்டில் நூடுல்ஸ் ஒட்டிப்போயிருக்கும், வெண்ணெய் போட்டுப் பிரித்து வைத்திருக்கலாம் என்று நினைத்தாள்.

டெனிஸ் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பெர்னி கையை லேசாகத் தூக்கினாள். இரு, என்று.

அல்ஜி இன்னும் முடிக்கவில்லை.

"அதனால மோதிரத்தை எண்ணாதே லாடி. மோதிரத்தை எவனும் எண்ணுவான். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இத்தனை வருஷமா நீ பதிலே சொல்லல." அவர் குரல் உடைந்தது. இருமினார். "பக்கத்துல யாரு இருந்தா?"

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டார். இந்தக் கேள்வியைக் கேட்டபிறகு எப்போதும் அப்படித்தான் உட்காருவார். லாடிக்கு யோசிக்க நேரம் கொடுப்பார். அவசரப்படுத்த மாட்டார்.

டிவியில் யாரோ விழுந்து எழுந்தார்கள்.

குளிருமே என்று பெர்னி போர்வையின் ஓரத்தை இழுத்து அந்தக் கையை மூடப் போனாள். கட்டைவிரல் உள்ளேயே மடங்கியிருந்தது. மற்ற விரல்கள் நீட்டியபடி கிடந்தன. போர்வையை மணிக்கட்டோடு நிறுத்தி, கையை வெளியிலேயே விட்டுவைத்தாள்.