பூவம்மா அளக்கச் சொன்ன ஆறு

“ஆத்த அளந்து கல்லு நடுன்னு மனு குட்த்தது யாரு? நீதானே! இப்போ சர்வேயரு நம்ம அடுப்பாண்டயே நட்டுட்டுப் பூட்டான்!” என்று கத்தினார் லோகநாதன்.

“யோவ், பெனிட்டோ லாரில கலீஜு கொட்றத நிறுத்தத்தான்யா குட்த்தேன்! நம்ம வூடு உள்ள வரும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?” என்று எகிறினாள் அவர் மனைவி பூவம்மா. தெருவே கேட்டது. நான் கொஞ்சம் கிட்டே நின்று கேட்டேன், அவ்வளவுதான்.

எண்ணூரில் ஆற்றோரச் சேற்றில் அலையாத்திக் கன்றுகள் நட்டுக் காப்பாற்றிய எங்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. பொன்னாடை, போட்டோ எல்லாம் பார்த்தவள். பெனிட்டோ கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கரையை மூடுகிறான் என்றுதான் எல்லையை அளக்கச் சொன்னாள். அளந்ததில் அவன் கொட்டகையும் ஆற்றுக்குள், இவள் வீடும் ஆற்றுக்குள். அவன் வக்கீல் வைத்துத் தடை வாங்கினான். இவள் வீட்டை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். சங்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அவரவருக்கு அவரவர் சுவரைப் பற்றிய கவலை.

கன்றுகள் இப்போது ஆள் உயரம். பூவம்மா குடும்பம் வீடு இழந்தவர்களுக்கு அரசு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடிக்குப் போயிற்று. மகள் மதி அங்கேயே லிஃப்ட் பழுதுபார்க்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சங்கத்திலிருந்து நான் மட்டும்தான் போனேன். சாப்பாடு சுமார். பூவம்மா என்னிடம் பேசவில்லை.