அழும் காட்சி

டெஸ்மண்ட் தன் கதையை வாசித்து முடிக்கும்வரை ஆஞ்சலா வலது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோரமங்களாவில் ஒரு பப் வாசலில், கலாட்டா செய்கிறவர்களை வெளியே தள்ளுகிற பவுன்சர் அவள். கீழ் வீட்டு டெஸ்மண்ட், செல்போனில் கேட்கிற தொடர்கதைகளுக்கு எழுதுகிறவன். அவளைப் பார்த்துத்தான் புதுக் கதாநாயகியைப் பிடித்திருந்தான். அந்தப் பெண் பன்னிரண்டு ஆண்களை அடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, செத்துப்போன அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பன்னெண்டு பேரா? லைன்ல நின்னு வாங்கிக்கினாங்களா?"

"அத விடுக்கா. அழற சீன் எப்படி?"

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. அப்பாவின் சட்டைகளை அவள் ஈஜிபுராவில் பழைய துணி எடுக்க வந்தவளிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கியிருந்தாள். நல்ல பக்கெட். கேஸ் சிலிண்டர் மாட்ட இவளைக் கூப்பிடுகிற பயல், இவளை அழவைக்கக் கிளம்பிவிட்டான்.

"ஹீரோயினுக்கு ஒரு வீக்னெஸ் வேணும்க்கா. அப்பதான் நம்புவாங்க. உனக்கு எதுக்கு பயம்?"

"பல்லு டாக்டர்."

"சும்னே விளையாடாதக்கா. இதெல்லாம் யாரு கேப்பா?"

அவள் விளையாடவில்லை. மூன்று வாரமாகக் கடைவாய்ப் பல் குடைந்தது. அடுகோடி கிளினிக் வாசல்வரை இரண்டு முறை போய், மெஷின் சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தாள். முந்தாநாள் ஒரு குடிகாரனின் முழங்கை கன்னத்தில் பட்டதும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எழுந்திரு. கூட வா. பகல்ல வெட்டியா இருக்கறவன் இந்த பில்டிங்ல நீ ஒருத்தன்தான்."

டாக்டரம்மா ஊசியை எடுத்ததும் ஆஞ்சலாவின் கால்கள் நாற்காலியிலிருந்து தாமாகவே இறங்கின. எட்டி டெஸ்மண்டின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகாதடா."

அந்தக் குரல் அவளுக்கே கேவலமாக இருந்தது.

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்தபடி சாய்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால், அவன் இன்னொரு கையால் செல்போனில் வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். உதடு ஏதோ வசனத்தை ஒத்திகை பார்க்கிறது. நாய். திட்ட வாய் வரவில்லை. இடது கையை நீட்டிச் செல்போனைப் பிடுங்கித் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள்.

"கையையாவது விடுக்கா, மரத்துப்போச்சு."

அவள் மேலே விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் மணிக்கட்டில் அவளுடைய ஐந்து விரல்களும் இன்னும் இறுகின.