கூலர் மாட்டிய வெள்ளிக்கிழமை

புதன்கிழமையிலிருந்து கல்ஃபானுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய் வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பான். திரும்பி வந்து இரண்டு வாய் சாப்பிடுவான், மறுபடி எழுவான். மனைவி ஸயானா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை நடந்தது இதுதான். அவனுடைய அப்பா ஸுவைத், பிதியா ஊருக்குத் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் மணலுக்குள் ஒட்டகங்களோடு கூடாரத்தில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. சனி, திங்கள், புதன் மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வேண்டும். கல்ஃபான் விடியலில் போய் அழைத்து வருவான், சாயங்காலம் கொண்டுபோய் விடுவான். அன்று பாதி வழியில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது. அடுத்த மேட்டில் எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் கொதித்தால் அப்படித்தான். ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வீங்கிய காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, "ஒட்டகம்னா திட்டினாலாவது எந்திரிக்கும்" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மெஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். இவருக்கு மறுநாள்தான் கிடைத்தது.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் முஹன்னா போன் செய்தான். கத்தவில்லை. "இன்னொரு தரம் வண்டி நின்னா அப்பா இங்க வந்துடுவாரு. அப்புறம் பேச்சே கிடையாது" என்றான். அவன் வீடு மூன்றாவது மாடியில். அங்கே ஒருமுறை நான்கு நாள் இருந்த அப்பா, நான்கு நாளும் வாசல் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி அங்கே போவதைவிட மெஷினையே விட்டுவிடுவேன் என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சும்மா சொல்லும் ஆள் இல்லை.

ஆகவே சனிக்கிழமை வண்டி நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்கும் கூலரை வியாழக்கிழமையே வாங்கிவிட்டான். ஒர்க்‌ஷாப்காரன் ஞாயிற்றுக்கிழமைதான் கடை திறப்பேன் என்றான். கல்ஃபான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், மெக்கானிக் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முற்றத்துத் தகர நிழலில் வேலையை ஆரம்பித்தான்.

முன் கிரில்லைக் கழற்றினான். உள்ளே ஏசிக்கான ரேடியேட்டர், அதன் பின்னால் எஞ்சின் ரேடியேட்டர். இரண்டுக்கும் முன்னால் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கூலரைப் பிடித்துப் பார்த்தான். தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் நாடா கோத்துக் கட்டிவிடலாம், கால் மணி நேர வேலை, கடைக்காரனும் அதைத்தான் கொடுத்திருந்தான். மணல் மேட்டில் ஆடுகிற ஆட்டத்தில் அந்த நாடா தகட்டை அறுத்துவிடும். நாடாவைத் தூக்கி எறிந்தான். அலுமினியப் பட்டையை வளைத்து, துளை போட்டு, நடுவில் ரப்பர் துண்டு வைத்து போல்ட் போட்டு இறுக்கினான். அதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. கையால் ஆட்டிப் பார்த்தான். வண்டிதான் ஆடியது, கூலர் ஆடவில்லை.

அடுத்தது ஆயில் குழாய். ஒன்று கியர்பாக்ஸிலிருந்து சூடான ஆயிலை ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. மற்றது திருப்பி எடுத்துப் போகிறது. ஆயில் திரும்பிப் போகும் குழாயில்தான் கூலரைக் கோக்க வேண்டும். எது எது என்று பார்ப்பதற்கு ஒன்றைக் கழற்றிப் பாத்திரத்தில் வைத்து, ஸயானாவை இரண்டே நொடி எஞ்சினைப் போடச் சொன்னான். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து சிவப்பு ஆயில் பீறிட்டது. சரியான குழாய்தான். வெட்டினான். இரண்டு முனையும் வாய் திறந்து தொங்கின.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது.

ஹம்மூத், முஹன்னாவின் மாமனார். வெள்ளை அங்கி, இடுப்பில் வெள்ளிப் பிடிக் கத்தி, கையில் மெல்லிய பிரம்பு. முழு உடுப்பில் வந்திருந்தார். கல்ஃபான் முழங்கைவரை ஆயிலோடு எழுந்து நின்றான். இப்படிப்பட்ட விருந்தாளியிடம் வேலை இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் வாய் பிதியாவில் யாருக்கும் கிடையாது. கையைக் கழுவி, சட்டை மாற்றி, அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனான்.

முதலில் சேதி கேட்கும் முறை. சேதி என்ன, சேதி ஒன்றுமில்லை, உங்கள் பக்கம் சேதி என்ன, எல்லாம் நலம். பிறகு மழை. பிறகு ஒட்டகம். பிறகு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக. ஹம்மூத் ஒருவரையும் விடவில்லை. இறந்தவர்களைக்கூட விசாரித்தார். கல்ஃபானின் கால் பாயின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பேரீச்ச மட்டைகள் சரசரக்கத் தொடங்கின. காற்று கிளம்பிவிட்டது. காற்றென்றால் மணல். மாவு போன்ற மணல். வெட்டிய குழாயின் இரண்டு முனையும் வாயைத் திறந்துகொண்டு வெளியே தொங்குகின்றன. ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும், கூலர் மட்டுமல்ல, கியர்பாக்ஸே குப்பை. நாளைக்கு வண்டி முற்றத்தை விட்டே நகராது.

பேரீச்சம்பழம் தின்றார்கள். காபிக் குடுவையை இடது கையில் பிடித்து, கல்ஃபான் கோப்பையில் ஊற்றி நீட்டினான். ஹம்மூத் வாங்கினார். குடிக்கவில்லை. தனக்கு முன்னால் தரையில் வைத்தார்.

கோப்பையைக் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார். விருந்தாளி குடிக்காத காபி ஆறிப்போனால் அது வீட்டுக்கே இழுக்கு. கல்ஃபானுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். போன மாதமும் இந்த மனிதர் இப்படித்தான் வைத்தார். பேத்தி கல்யாணத்துக்கு ஒரு லாரி தண்ணீர் கேட்டார். இப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும்.

காற்று ஜன்னல் கதவை ஒருமுறை அடித்தது.

"குடிங்க மாமா. நீங்க கேக்கறது எதுவானாலும் கொடுத்தாச்சு."

ஹம்மூத் அவனை ஒரு கணம் பார்த்தார். கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று அதைக் குலுக்கித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் சொன்னார்.

"ஸுவைத் இனிமே முஹன்னா வீட்ல இருக்கட்டும். நாளைக்கே. என் மக பாத்துக்குவா. நீயும் எத்தனை நாள்தான் இப்படி ஓடுவ, கல்ஃபானே?"

கல்ஃபான் கையில் காலிக் கோப்பை இருந்தது. அதன் அடியில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

அவர் போனதும் முற்றத்துக்கு ஓடினான். குழாயின் இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் பை மாட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. பாத்திரத்தின் மேல் தட்டு மூடியிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போனதுமே கட்டிட்டேன்" என்றாள் ஸயானா. "நீ எதுக்கு இப்படி ஓடியார?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் கேட்டாள், "இப்பவும் இதை மாட்டப் போறியா?"

"அப்பாவை மணல விட்டு வெளிய கொண்டாரணும்ல."

மாட்டினான். குழாய் எங்கே உரசுமோ அங்கெல்லாம் ரப்பர் சுற்றினான். இணைப்புக்கு இரண்டாகக் கிளிப் போட்டான். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொரு நிலையிலும் தள்ளி நிறுத்தினான். அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்த்து ஆயில் ஊற்றினான். திரும்பத் திரும்பப் பார்த்தான். இதுவரை அவன் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையும் செய்ததில்லை.

விடியும்போது கூடாரத்தில் இருந்தான். அப்பா கிளம்பித் தயாராக நின்றார். நின்றபடியே சொல்லிவிட்டான், கோப்பை, காற்று, குழாய் எல்லாவற்றையும். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்னன்னு கேட்டியா?"

"கேக்கல."

"'சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு என்ன செலவு?" அவர் கம்பை மணலில் குத்தினார். "ஒருத்தன் காபியை நான் மதியத்துலேருந்து பொழுது சாயிற வரைக்கும் ஆறவிட்டிருக்கேன். அவனும் அசையல, நானும் அசையல. கடைசில அவன்தான் எந்திரிச்சுப் போனான். நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். பால் கறக்க உட்காந்தா பாதில எந்திரிப்ப."

"நீங்க வார்த்தை குடுக்கல அப்பா. நான்தான் குடுத்தேன். நீங்க மாட்டேன்னு சொல்லலாம்."

"என் மகன் வார்த்தை பொய்யின்னு ஊர் சொல்லணுமா? போடா."

கூடாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

கூலரோடு சேர்த்து டாஷ்போர்டில் புதிதாக ஒட்டிய சூட்டு மீட்டரின் முள் தொண்ணூறு டிகிரிக்குக் கீழேயே நின்றது. புதன்கிழமை நின்றுபோன மேடு வந்தது. கல்ஃபான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். வண்டி இழுத்துக்கொண்டு ஏறி மறுபக்கம் இறங்கியது. முள் தொண்ணூற்று இரண்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. அப்பா முள்ளைப் பார்த்தார்.

"இனி நிக்காதா?"

"நிக்காது."

"நல்லாத்தான் மாட்டியிருக்க."

அடுத்த மேட்டில் அவன் தேவையில்லாமல் அழுத்தினான். அதற்கடுத்ததிலும். முள் நகரவில்லை.

தார் ரோட்டு ஓரத்தில் முஹன்னாவின் கார் நின்றிருந்தது. அங்கிருந்து அவன் அப்பாவை மெஷினுக்கு அழைத்துப் போவான், மெஷின் முடிந்ததும் மஸ்கட். மணலுக்காகக் குறைத்திருந்த காற்றை டயர்களுக்கு மறுபடி அடிக்க வேண்டும். கல்ஃபான் சின்ன பம்பை வைத்து ஒவ்வொரு டயராக அடித்தான். மெதுவாக அடித்தான். நான்காவது டயரும் முடிந்தது.

"கூலர் போட்டுட்டியாமே" என்றான் முஹன்னா. "வேலை செய்யுதா?"

"செய்யுது."

அப்பா ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாறினார். துணி மூட்டை ஒன்று, கம்பு, மருந்துப் பை. கதவைச் சாத்துமுன், "சாம்பல் நிறப் பொட்டை ஒட்டகத்துக்கு வயித்துல குட்டி இருக்கு, பாத்துக்க" என்றார். கார் போய்விட்டது.

கல்ஃபான் மல்லாந்து வண்டியின் அடியில் நுழைந்தான். தலைத்துணியைக் கழற்றி கிளிப் ஒவ்வொன்றையும் துடைத்தான். முதல் இணைப்பு, இரண்டாவது, கூலரின் அடி, ரேடியேட்டர் முனை. ஒரு கசிவு வேண்டும் என்று தேடினான். துணியை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்தான்.

மணல்தான் ஒட்டியிருந்தது. ஆயில் இல்லை.