ஸெத்தியின் முப்பதாவது நோன்பு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. ஸ்பெயினிலுள்ள தெருவேல் நகருக்குக் குடிவந்த ஒன்பதாவது ஆண்டில், ஒரு மாலை, இங்குள்ள பழைய செங்கல் மணிக்கோபுரம் ஒன்றின் உச்சியில் நின்றிருந்தேன். “சூரியன் போயிடுச்சு, இறங்கி வா” என்றார் தொலைபேசியில், கீழே நின்ற நண்பர். எனக்கு அது இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

இத்தகைய கோபுரங்களைக் கட்டியவர்கள் முஸ்லிம்கள், அன்றைய அரகோன் நாட்டுக் கிறிஸ்தவ மன்னனுடைய குடிகள். தேவாலயத்தின் கோபுரத்தைத் தங்கள் பள்ளிவாசல் மினாராவைப் போலவே கட்டினார்கள்: கோபுரத்துக்குள் ஒரு கோபுரம், இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு. ரமலானில் வேலை நடந்திருந்தால், உச்சியில் இருந்தவன் எப்போது நோன்பு திறந்திருப்பான்?

2

“ஆயிரத்து முந்நூற்று முப்பதுகளில், இருபத்தைந்து வயது ஸெத்தி சாந்துச் சட்டியோடு...”

எழுதியதை அடித்துவிட்டேன். பெண்களும் அன்று சித்தாள் வேலை பார்த்தார்கள், அதில் பிழையில்லை. வயதுதான் பிழை. மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை. எனக்கு வேண்டியவளோ முப்பதையும் விடாமல் பிடிப்பவள். ஆகவே ஸெத்திக்கு ஐம்பத்திரண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக முப்பதும் தொடர்ந்து கைகூடப்போகிறது. இன்று முப்பதாவது நாள்.

(கணக்குப்படி இந்த உயரத்துக்குச் சூரியன் மறைவதில் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். ஸெத்தி படியேற அது போதாது. அதனால் மேற்கே, இல்லாத ஒரு குன்றை வைத்துவிட்டேன்.)

3

கீழே குன்றின் நிழல் விழுந்தது. நேரமாகிவிட்டதென்று மார்க்கம் கற்ற ஆலிம் யூசே கையசைத்தார். ஸெத்தி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். அவள் கணவன் ஃபராஜ் உச்சியில் பச்சை ஓடுகளைப் பதித்துக்கொண்டிருந்தான். குழைத்த ஜிப்சம் இறுகிவிடும் என்பதால் இறங்க முடியாது. கொண்டைக்கடலைச் சூப்போடு அவள் மேலே ஏறினாள்.

“இந்தாய்யா, நோன்பைத் திற.”

“கண்ணு தெரியலையா உனக்கு? அந்தா சூரியன்!”

ஸெத்தி திரும்பினாள். முகம் முழுக்க வெயில்.

“ஐயய்யோ! நான் கீழயே திறந்துட்டேனே!”

ஃபராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “முப்பது, முப்பதுன்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்ச. இப்ப இருபத்தொம்பதரை!”

“பல்லைக் காட்டாத. கீழ மறைஞ்சிடுச்சு. நானே பார்த்தேன்.”

“நீ இப்ப இங்கல்ல இருக்க?” அவன் எட்டிப் பார்த்துக் கத்தினான்: “ஆலிம்சா! மேல வாங்க, ஒரு வழக்கு இருக்கு!”

“அந்த மனுஷனை ஏன்யா கூப்புடுற? உன் வாய் சும்மாவே இருக்காதா?”

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆலிம், நோன்பு செல்லும் என்கிறார். ஸெத்தி சந்தோஷமாகிவிடுகிறாள், எனக்குத்தான் சலித்துவிட்டது. இன்னொன்றில், பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் திரும்பப் பிடி என்கிறார். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, “அப்போது தேவாலய மணி...” மணியை இன்னும் ஏற்றவே இல்லை. விட்டுவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: ஸெத்தி சூப்பைத் தொடாமல் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் தடவையும் மறையட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்கிறாள்.

“அப்ப அந்தப் பேரீச்சம்பழம்?”

“எந்தப் பேரீச்சம்பழம்?”

ஆலிம் யூசே மூச்சுவாங்கப் படியேறி வருகிறார். அறுபதாவது படியில் அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்னும் இருபது படிதான். மேலே அனுப்புவது உங்கள் பொறுப்பு. அனுப்புவதானால் அவசரப்படுத்தாதீர்கள். சூரியனில் இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கிறது.